ஆடித் தேருக்கு அழகர்கோவில் போகிறீர்களா? மலையை வேறு நாளுக்கு வையுங்கள்

கேள்வி: 72 வயது அம்மாவோடு சிவகங்கையிலிருந்து அழகர்கோவில் ஆடித் தேருக்கு வருகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. பெருமாள், பழமுதிர்சோலை, நூபுர கங்கை மூன்றையும் அன்றைக்கே பார்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம். தேரன்று பெருமாளும் காவல் தெய்வம் கருப்பரும் போதும். பழமுதிர்சோலையும் நூபுர கங்கையும் இருக்கும் மலைக்கு இன்னொரு நாள் வையுங்கள்.

முதலில் தேதி. தேர் ஆடிப் பௌர்ணமியில் ஓடும். ஆடி 18 என்று நினைத்து வந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. 2024-இல் பௌர்ணமி ஆடி 5-லேயே வந்துவிட்டது (ஜூலை 21). 2025-இல் ஆடி 24 (ஆகஸ்ட் 9). பஞ்சாங்கம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சித்திரையில் கள்ளழகர் மலையை விட்டு மதுரைக்குப் போய் வைகையில் இறங்குவார். ஆடியில் அவர் இருக்கும் இடத்திலேயே தேர். ஊர் ஊராகக் குடும்பத்தோடு வந்து தங்கிப் பொங்கலிட்டுக் கிடா வெட்டும் கூட்டம் இது.

தேர் காலையில் வடம் பிடிப்பார்கள். அதனால் விடிவதற்குள் அழகர்கோவில் வந்துவிடுங்கள். தாமதித்தால் வண்டியைத் தொலைவிலேயே நிறுத்தச் சொல்வார்கள்; முழங்கால் வலியோடு அம்மா அந்தத் தூரம் நடக்க வேண்டியிருக்கும்.

எங்கே நிற்பது என்பதுதான் முக்கியம். தேர் கிளம்பும்போது பின்னால் நெம்புத்தடி போட்டுத் தள்ளுவார்கள். அசையாமல் நின்றது சட்டென்று முன்னால் பாயும். திருப்பத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்துத் திருப்பும்போது, இழுபடும் வடம் நேராக விறைத்து மூலையின் உட்பக்கமாகச் சாயும். உட்பக்கம் நிற்பவர்கள் வடத்துக்கும் மதிலுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். தேர் கோட்டைமதிலை ஒட்டிச் சுற்றி வரும். மூலைகளை விட்டு, நேர்ப்பாதையின் நடுவில், தேருக்கு நன்றாக விலகி நில்லுங்கள். வடம் தொட ஆசையென்றால் தேர் நின்றிருக்கும்போது அம்மா தொட்டுக் கும்பிடட்டும், அது போதும்.

கோயிலுக்குள் போக ராஜகோபுர வாசலைத் தேடாதீர்கள். அங்கே சாத்திய கதவுதான் பதினெட்டாம்படிக் கருப்பர். உருவம் கிடையாது, கதவுக்கே பூசை, சந்தனம், மாலை. பக்தர்கள் பக்கத்திலுள்ள வண்டி வாசல் வழியாகத்தான் போய் வருகிறார்கள். தேர் நிலைக்கு வந்ததும் கூட்டம் அப்படியே சன்னதிக்குத் திரும்பும். அந்த நேரத்தில் வரிசையில் நிற்காமல் அம்மாவை நிழலில் உட்காரவைத்துவிட்டு, நடை சாத்தி மாலையில் திறந்தபின் போங்கள். காத்திருக்கும் வேளையில் கோயில் தோசை வாங்கிக்கொள்ளலாம்: அரிசி, உளுந்து, மிளகு, சீரகம் போட்டு நெய்யில் வேகும் தடித்த தோசை. காரம் இருக்கும், அம்மாவுக்குத் தண்ணீர் பக்கத்தில் வையுங்கள்.

மலைக்கு வரும் நாளில் காலையிலேயே மேலே ஏறிவிடுங்கள். மலைப்பாதையில் முதலில் பழமுதிர்சோலை, அதற்கும் மேலே ராக்காயி அம்மனும் நூபுர கங்கையும். சோலை வரை வண்டி போகும். முருகனை அம்மா சிரமமில்லாமல் பார்த்துவிடலாம். நூபுர கங்கைக்குப் படி உண்டு. ஈரத்தில் வழுக்கும், குளித்துவிட்டு ஈரப் புடவையோடு இறங்குகிறவர்களால் எப்போதும் நனைந்தே கிடக்கும். அம்மாவை அங்கே ஏற்ற வேண்டாம். நீங்கள் போய் மூடியுள்ள கேனில் தீர்த்தம் பிடித்து வந்து தலையில் தெளித்துவிடுங்கள். அழகருக்குத் திருமஞ்சனம் செய்வதும் இந்தத் தண்ணீரில்தான்.

குரங்குகளுக்கு மட்டும் கவனம். கைப்பையைவிட, தேங்காய் பழம் தெரியும் பாலித்தீன் கவரைத்தான் பிடுங்கும். பூசைச் சாமான் ஜிப் வைத்த துணிப்பைக்குள் இருக்கட்டும். பிடுங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், திரும்ப இழுத்தால் கடிக்கும்.