டூட்டி சார்ட் போடும் நிரல் ஏன் முடிவதில்லை?

கேள்வி: எங்கள் வார்டில் 12 செவிலியர்கள். தினமும் காலை 4, மாலை 3, இரவு 3 பேர் வேண்டும். நைட் எப்போதும் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வரும், முடிந்த மறுநாள் நைட் ஆஃப். அது போக மாதம் 4 வீக் ஆஃப். நைட் எல்லாருக்கும் சமமாக வர வேண்டும். 30 நாள் சார்ட்டுக்குப் பைத்தானில் பேக்டிராக்கிங் (ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஒத்துவராவிட்டால் பின்வாங்கி வேறு போடும் முறை) எழுதினேன். விடிய விடிய ஓடியும் முடியவில்லை. வேகமான கணினி வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முதலில் ஒரு பேப்பரில் கணக்குப் போடுங்கள்.

12 பேர், 30 நாள்: உங்கள் கையில் இருப்பது 360 ஆள்-நாள். டூட்டிக்கு மட்டும் 300 போய்விடும். வீக் ஆஃப் 48. நைட் மொத்தம் 90, மூன்று மூன்றாகப் பிரித்தால் 30 நைட் ஆஃப். கூட்டினால் 378. பதினெட்டு இடிக்கிறது! இல்லாத விடையைத்தான் உங்கள் நிரல் ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளில் நான்கு வாய்ப்பு (மூன்று ஷிஃப்ட் அல்லது ஆஃப்) என்றால், மொத்தச் சேர்க்கைகள் 217 இலக்க எண். எந்தக் கணினியும் அதை முழுக்கத் துழாவி முடிக்காது.

நைட் ஆஃபையே வீக் ஆஃபாகவும் கணக்கில் வைக்க முடியுமா என்று மேட்ரனிடம் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் 348-தான். லீவுக்கு 12 மிஞ்சும்.

‘சமமாக’ என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. 90-ஐ 12-ஆல் வகுத்தால் ஏழரை, அதனால் ஆளுக்கு 7 அல்லது 8 என்று விதி எழுதத் தோன்றும். ஆனால் மூன்று மூன்றாக வரும் நைட் 7 ஆகாது, 8-ம் ஆகாது. ஆறு பேருக்கு 9, ஆறு பேருக்கு 6 என்று வைத்து அடுத்த மாதம் மாற்றிப் போடுங்கள்.

சரி, இனி நிரல். தேடும் வழியை நீங்களே எழுத வேண்டியதில்லை. கூகுளின் ஓஆர்-டூல்ஸ் என்ற நிரல் தொகுப்பு இலவசம், அதிலுள்ள சிபி-சாட் (விதிகளைக் கொடுத்தால் விடையைத் தானே தேடும் கருவி) இந்த வேலைக்கென்றே வாய்த்தது. ஆள், நாள், ஷிஃப்ட் சேர்க்கை ஒவ்வொன்றுக்கும் ஆம்/இல்லை மாறி (வேரியபிள்) ஒன்று, மொத்தம் 1080. ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு ஷிஃப்டுக்கு மேல் கூடாது, ஷிஃப்டுக்கு இத்தனை பேர், மூன்று நைட்டுக்குப் பின் ஆஃப்: இவை மீறக் கூடாதவை. ‘ஞாயிறு ஆஃப் வேண்டும்’ போன்ற ஆசைகளை விதியாக்காமல், மீறினால் இத்தனை அபராதப் புள்ளி என்று வைத்து மொத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

விதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். எதைச் சேர்த்ததும் ‘இன்ஃபீஸிபிள்’ (விடையே இல்லை) என்று வருகிறதோ, சிக்கல் அங்கே வெளிப்படும். நேர வரம்பு ஒரு நிமிடம் வையுங்கள். ‘ஆப்டிமல்’ (ஆகச் சிறந்தது) வராமல் ‘ஃபீஸிபிள்’ வந்தாலும் போதும். விதி எதுவும் மீறாத சார்ட்தான் அது, இதைவிடச் சிறந்தது இல்லை என்ற நிரூபணம் மட்டும் இருக்காது. வார்டுக்கு அது எதற்கு?

அப்புறம், போன மாதத்தின் கடைசி மூன்று நாள் டூட்டியையும் உள்ளே கொடுங்கள். இல்லாவிட்டால் 31-ம் தேதி நைட் முடித்துக் காலையில் வீட்டுக்குக் கிளம்புகிறவருக்கு அன்றைக்கே காலை டூட்டி விழும்.