சலுகை போக, கையிலிருந்து எவ்வளவு? பொறியியல் சேர்க்கை கேள்வி-பதில்

எங்கள் குடும்பத்தில் மகள்தான் முதல் பட்டதாரி ஆகப்போகிறாள். கவுன்சிலிங்கில் தனியார் கல்லூரி எடுத்தால் பாதிச் செலவுதான் என்கிறார்கள். சரியா?

ஏறக்குறைய பாதியாகக் குறைவது டியூஷன் கட்டணம் மட்டும்தான். 2017-ல் நிர்ணயித்த அரசு ஒதுக்கீட்டுக் கட்டணத்தை வைத்துப் பார்ப்போம். என்.பி.ஏ. தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு ஆண்டுக்கு ரூ.55,000, அதில் முதல் பட்டதாரிச் சலுகை ரூ.25,000. விடுதியும் மெஸ்ஸும் ரூ.85,000, தேர்வுக் கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் ரூ.10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சலுகை இல்லாமல் ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம், சலுகையோடு ரூ.1.25 லட்சம். நான்கு ஆண்டுக்கு 6 லட்சம் 5 லட்சமாகிறது. மொத்தத்தில் குறைவது ஆறில் ஒரு பங்குதான்!

உங்கள் கல்லூரியின் இந்த ஆண்டுத் தொகைகளைக் கேட்டு இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். மெஸ் கட்டணம் ஆண்டுதோறும் ஏறும், அதையும் சேர்க்க வேண்டும். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இன்னொரு கல்லூரி இருந்தால், பஸ் கட்டணத்தோடு அதற்கும் தனியாக ஒரு கணக்குப் போடுங்கள். பெரும்பாலும் சலுகையைவிட விடுதிதான் முடிவை மாற்றும்.

முதல் பட்டதாரி சான்றிதழையும், குடும்பத்தில் வேறு பட்டதாரி இல்லை என்ற கூட்டு உறுதிமொழியையும் கவுன்சிலிங் விண்ணப்பத்தோடே தர வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது.

எஸ்.சி. மாணவன். உதவித்தொகை வரும், ஆனால் முதலில் கட்டுங்கள் என்கிறது கல்லூரி. என்ன செய்வது?

பெற்றோர் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்றிய அரசின் 60 சதவீதப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது, அதுவும் சேர்ந்த அன்றைக்கு வராது. அதனால் மொத்தச் செலவு எவ்வளவு, சேரும் நாளில் கையில் எவ்வளவு வேண்டும் என்று இரண்டு தொகைகளைத் தனித்தனியாக எழுதி வையுங்கள். பணம் வந்ததும் கட்டுவதாகக் கல்லூரியிடம் எழுத்தில் அவகாசம் கேளுங்கள்.

பணம் தடைபடுவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான். வருமானச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும், அல்லது ஆதார் இணைப்பு வேறொரு பழைய கணக்கில் இருக்கும். கிளையில் ஆதார் நகல் கொடுத்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் எந்தக் கணக்குக்கு வரும்படி இணைந்திருக்கிறது என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளி. என்னென்ன கிடைக்கும்?

7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் டியூஷன், விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. மாணவிக்குப் புதுமைப் பெண், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000 தனி. மற்ற உதவித்தொகை வாங்கினாலும் இது வரும், விட்டுவிடாதீர்கள்.

மிச்சத்துக்குக் கல்விக் கடன் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் வட்டியையும் செலவில் சேருங்கள். ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வீதம் நான்கு ஆண்டு, 10 சதவீதத் தனிவட்டி என்றால், படிப்பு முடிந்து ஓராண்டு வரை சேரும் வட்டி 50,000 + 40,000 + 30,000 + 20,000, அதாவது ரூ.1.4 லட்சம். குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் (NAAC) அல்லது பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. (NBA) தர அங்கீகாரமும் இருந்தால், இந்தக் காலத்து வட்டியை ஒன்றிய அரசின் மானியத் திட்டம் ஏற்கும். படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் போய்விடும்; உடல்நலக் காரணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

வங்கிக்குப் போகுமுன் நான்கு ஆண்டுக்கான கட்டண விவரத்தோடு கல்லூரியில் போனஃபைடு சான்றிதழ் (அங்கே படிக்கிறார் என்பதற்கான சான்று) வாங்குங்கள். விடுதிக் கட்டணம் அதில் இல்லையென்றால் அதற்குக் கடன் கிடைப்பது கடினம்.