சீட் ரேட்டும் மல்லி ரேட்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (மதுரை அவனியாபுரம் வாசகி): எங்க மொட்டை மாடியில நின்னா ஏரோப்ளேன் சக்கரம் வெளிய வர்றதே தெரியும், ஆனா நான் ஏறுனது ஒரே தடவைதான். சென்னைக்கு ஒரு மாசம் முன்னாடி பார்த்தா ஒரு ரேட், முந்தின நாள் பார்த்தா மூணு மடங்கு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மிஞ்சுன மல்லிய சாயங்காலம் பாதி விலைக்கு தள்ளிவிடுறாங்கல்ல, காலி சீட்டையும் அப்படி தள்ளிவிட்டா என்ன?

பதில்: நல்லா கேட்டீங்கம்மா. மல்லியும் சீட்டும் ஒரே ரகம்தான், நேரம் தாண்டுனா ரெண்டுமே குப்பை. ஆனா கடைசி நேரத்துல யாரு வாங்க வர்றாங்கன்னு பாருங்க. சாயங்காலம் பூ வாங்க வர்றவங்க பேரம் பேசுவாங்க, பக்கத்துலயே பத்து கடை இருக்கு. முந்தின நாள் ராத்திரி டிக்கெட் தேடுறவரு துக்க வீட்டுக்கு போறவரா இருப்பாரு, இல்ல கம்பெனி காசுல போறவரா இருப்பாரு, என்ன ரேட் சொன்னாலும் குடுத்துத்தான் ஆகணும். இன்னொண்ணு, கடைசி நாள்ல சீப்பா கிடைக்கும்னு ஒரு தடவை ஜனங்களுக்கு தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் எவன் முன்கூட்டி புக் பண்ணுவான்?

இத ஆயுதமாவே பிடிச்சது அமெரிக்கன் ஏர்லைன்ஸ். பீப்பிள் எக்ஸ்பிரஸ்னு ஒரு கம்பெனி 1981ல வந்து எல்லா சீட்டையும் அடிமாட்டு விலைக்கு வித்துச்சு. அமெரிக்கன் என்ன பண்ணுச்சுன்னா, 1985ல முன்கூட்டி வாங்குறவங்களுக்கு மட்டும் கொஞ்சம் சீட்ட அதே மாதிரி ரேட்டுக்கு விட்டுட்டு மிச்சத்த கடைசி நேர ஆளுக்கு பழைய விலையிலயே வச்சுக்கிச்சு, எத்தனை சீட்ட எப்ப விடணும்னு கம்ப்யூட்டர் சொல்லும். ரெண்டே வருஷத்துல பீப்பிள் எக்ஸ்பிரஸ் இன்னொரு கம்பெனிக்குள்ள கரைஞ்சுபோச்சு. நம்ம ஆம்னி பஸ்காரங்க தீபாவளிக்கு பண்றதும் இதே வித்தைதான், அத நினைச்சா எனக்கும் வயிறு எரியத்தான் செய்யுது.

கேள்வி (செல்லூர் வாசகர்): பாராமவுண்ட்னு ஒரு பிளேன் கம்பெனி, நம்ம மதுரைக்காரர் நடத்துனாரே, என்ன ஆச்சு அண்ணே?

பதில்: நீங்களாச்சும் ஞாபகம் வச்சிருக்கீங்களே அண்ணே. மதுரை மில் குடும்பத்துல இருந்து வந்தவரு, 2005 அக்டோபர்ல ஆரம்பிச்சாரு. எல்லாரும் ஏர் டெக்கான் கம்பெனி மாதிரி ஒரு ரூபா டிக்கெட்டுன்னு ஓடிக்கிட்டு இருந்தப்ப இவரு தலைகீழா, சின்ன பிளேன் ஆனா முழுக்க பிசினஸ் கிளாஸ்னு இறங்குனாரு. கிறுக்குத்தனம் மாதிரி தெரியும், ஆனா கணக்கு இருந்துச்சு. பிரேசில்காரன் செய்யுற எம்ப்ரேயர் 170ல எழுபது சீட்டு சுமார், எடை 40 டன்னுக்கு கீழ. 40 டன்னுக்கு கீழன்னா அப்ப விமான பெட்ரோலுக்கு விற்பனை வரி 4 சதவீதம்தான், இதே தமிழ்நாட்டுல பெரிய விமானத்துக்கு 29 சதவீதம். 80 சீட்டுக்கு கம்மின்னா லேண்டிங் கட்டணமும் கிடையாது. செலவுல பெரிய துண்டு பெட்ரோல்தான், அதுலயே இவருக்கு இம்புட்டு மிச்சம்னா சொகுசு சீட்ட மத்தவன் சாதா ரேட்டுக்கு பக்கத்துலயே குடுக்கலாம்ல. மதுரை, கோயம்புத்தூர், சென்னைன்னு பெரிய கம்பெனிங்க சரியா கண்டுக்காத ரூட்டா பிடிச்சதும் புத்திசாலித்தனம்.

கஷ்டம் எங்கன்னா, அந்த சலுகை ஒரு வேலி மாதிரி. பெரிய பிளேன் வாங்குனா சலுகை போயிரும், சின்னதோடயே நின்னா வளர முடியாது. இருந்ததே அஞ்சு பிளேன், அதுல ஒண்ணு ரிப்பேர்னு நின்னா அஞ்சுல ஒரு பங்கு சர்வீஸ் காலி. பிளேன் எல்லாம் குத்தகைக்கு எடுத்தது, குத்தகைக்காரங்களோட தகராறு கோர்ட்டு வரைக்கும் போய் 2010ல எல்லாம் நின்னுபோச்சு. யோசனை தப்பில்லன்னுதான் நான் இன்னமும் சொல்வேன், கையில காசும் பிளேனும் பத்தல.

கேள்வி (மேலூர் வாசகர்): கிங்ஃபிஷர் போச்சு, ஜெட் போச்சு, கோ ஃபர்ஸ்ட் போச்சு. இண்டிகோ மட்டும் எப்படி நிக்குது?

பதில்: ஒரே அயிட்டம் போடுற இட்லி கடை தெரியுமா, மெனு கார்டே இருக்காது, உட்கார்ந்த உடனே இலை, சாப்ட உடனே அடுத்த ஆளு. இண்டிகோ அப்படித்தான். 2006 ஆகஸ்ட்ல முதல் பிளேன் பறக்குறதுக்கு முன்னாடியே, 2005ல, ஒரே வகை பிளேன் நூறுக்கு ஆர்டர் போட்டாங்க. மொத்தமா வாங்குறதால நல்ல டிஸ்கவுண்டு, வந்த பிளேன குத்தகை கம்பெனிக்கு வித்துட்டு அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டுறது, வயசாகி பெரிய ரிப்பேர் வர்றதுக்குள்ள திருப்பிக் குடுக்குறது. ஒரே வகைங்கிறதால எந்த பைலட்டும் எந்த பிளேனும் ஓட்டலாம், ஸ்பேரும் ஒண்ணே. 2017ல சின்ன ஊருங்களுக்குன்னு ஏடிஆர்ங்கிற சின்ன ரக பிளேன் வாங்குற வரைக்கும் இந்த விரதத்த அவங்க விடல.

கிங்ஃபிஷர் வெளிநாடு பறக்கணும்னு அவசரப்பட்டு, அப்ப அஞ்சு வருஷம் ஓட்டியிருக்கணும், இருபது பிளேன் வேணும்னு ரூல் இருந்துச்சா, அதுக்காகவே முன்னாடியே ஓடிக்கிட்டு இருந்த டெக்கான 2007ல வாங்குச்சு. ஸ்டார் ஓட்டலையும் பரோட்டா கடையையும் ஒரே கல்லாவுல வச்சா என்ன ஆகும், 2012ல மூடுனாங்க. ஜெட்டும் அதே 2007ல 1450 கோடி குடுத்து ஏர் சகாரா கம்பெனிய தலையில கட்டிக்கிச்சு, 2019 ஏப்ரல்ல நின்னுச்சு. கோ ஃபர்ஸ்ட் கதை வேற, இஞ்சின் சப்ளை இல்லாம பாதி பிளேன் தரையில நின்னு 2023 மே மாசம் திவால் மனு குடுத்தாங்க.

கேள்வி (உசிலம்பட்டி வாசகர்): அப்ப ஜெயிச்சவனே மொத்தமும் வச்சுக்கட்டும்னு விட்டுரலாமா?

பதில்: விடக்கூடாது. உள்நாட்டுல பறக்குற நூறு பேர்ல அறுபது பேருக்கு மேல இண்டிகோல போறாங்க, அதுகூட பரவாயில்ல, ஒவ்வொரு ரூட்டா பிரிச்சுப் பாருங்க, சின்ன ஊரு ரூட்டுல பல இடத்துல அவங்க ஒரே ஆளுதான். பைலட் ஓய்வு நேர விதி மாறுனதுக்கு அப்புறம் 2025 டிசம்பர்ல அவங்ககிட்ட ஆளு பத்தாம ஆயிரக்கணக்குல சர்வீஸ் ரத்தாச்சே, மத்த கம்பெனி டிக்கெட் ரேட் கண்டபடி ஏறி அரசாங்கமே உச்சவரம்பு போட வேண்டி வந்துச்சு. டாடா 2022ல ஏர் இந்தியாவ வாங்கி விஸ்தாராங்கிற இன்னொரு விமான கம்பெனியையும் 2024ல அதோட சேர்த்து எதிர்ல நிக்குறாங்க. அப்பவும் பெரிய ஆளுங்கன்னா ரெண்டே பேருதான், அதான் என் பயம். மதுரைக்கு ஒரு காலத்துல ஜெட், ஸ்பைஸ்ஜெட், பாராமவுண்ட்னு வந்து போய்க்கிட்டு இருந்துச்சு.

கேள்வி (திருமங்கலம் வாசகி): என் மகன் மலேசியாவுல இருக்கான். திருச்சிக்கு மட்டும் அம்புட்டு வெளிநாட்டு பிளேன் வருது, மதுரைக்கு வந்தா என்ன குறைஞ்சுபோகும்?

பதில்: ரெண்டு நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, எந்த நாட்டு விமானம் நம்ம எந்த ஊருக்கு வரலாம்னு பேர் எழுதி வச்சுக்கிறாங்க. மலேசியா, சிங்கப்பூர் லிஸ்ட்ல திருச்சி இருக்கு, மதுரை இல்ல. இலங்கைக்கு வழி இருக்கிறதால ஸ்ரீலங்கன் கொழும்புல இருந்து வருது. நம்ம கம்பெனிங்க மதுரைல இருந்து பறக்க தடை இல்ல, ஆனா வெளிநாட்டுக்காரன் உள்ள வராத வரைக்கும் அவங்களுக்கு என்ன அவசரம்? ரன்வே 7500 அடிதான்னு ஒரு சாக்கு சொல்வாங்க, நீளமாக்கணும்தான், ஆனா கோலாலம்பூர்ல இருந்து வர்ற ரக பிளேனுக்கு அதுவே போதும். இப்போதைக்கு தம்பிய திருச்சியிலயே இறங்கச் சொல்லுங்கம்மா, அங்கருந்து பஸ் ஏறுனா ரெண்டரை, மூணு மணி நேரத்துல மாட்டுத்தாவணி வந்துரலாம்.