கையுறை போட்டா கை கழுவ வேண்டாமா? களியக்காவிளை சிஸ்டரிடம் கேள்வி பதில்

28 வருஷம் வார்டு. அதில் கடைசி 9 வருஷம் இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் (ஆஸ்பத்திரிக்குள்ள நோய் தொத்தாமப் பார்க்கிற) நர்ஸ். வேலை திருவனந்தபுரம் பக்கம், வீடு களியக்காவிளை. கொரோனா காலத்துல ஆஸ்பத்திரி ஆளுங்க பாதுகாப்பு விதியை எங்க பிடிச்சாங்க, எங்க விட்டாங்கன்னு கேளுங்க. காய்ச்சலுக்கு மாத்திரை கேக்காதீங்க.

குழித்துறை, நர்சிங் மாணவி: அக்கா, கை கழுவ வேண்டிய அஞ்சு தருணம்னு பரீட்சைக்கு எழுதிட்டேன். வார்டுல சீனியர் யாரும் அஞ்சையும் செய்யலையே?

கவனிச்சிருக்கியே மக்கா, நல்லது. நோயாளியைத் தொடும் முன்னாடி, ஊசி, டியூப் வேலைக்கு முன்னாடி, ரத்தமோ சளியோ பட்ட பின்னாடி, நோயாளியைத் தொட்ட பின்னாடி, அவர் கட்டில், மேசையைத் தொட்ட பின்னாடி. இதுல "பின்னாடி" எல்லாம் ஓரளவு நடந்துரும், நம்ம உயிர் மேல பயம் இருக்கே. விட்டுப்போறது "முன்னாடி". அது படுத்திருக்கிறவருக்காகச் செய்றது.

சோம்பல்னு மட்டும் நினைச்சிராத. எங்க வார்டுல சானிடைசர் குப்பி நர்ஸ் மேசையில இருந்துச்சு. கடைசிக் கட்டில்ல இருந்து நடந்து எண்ணினேன், 22 காலடி. ஒரு ஷிப்டுக்கு எத்தனை தடவை நடப்பா ஒருத்தி? குப்பியைக் கட்டில் கால்மாட்டுல தொங்கவிட்டோம். வகுப்பு எடுக்காமலே கை நனைய ஆரம்பிச்சுது. சானிடைசருக்கு 20 முதல் 30 வினாடி போதும். சோப்புக்கு 40 முதல் 60 வேணும், குழாய்ல தண்ணியும் வரணும்.

இன்னொண்ணு, கையுறை. 2020ல ஒரு பையன், ரெட்டைக் கையுறை போட்டிருந்தான். மூணாம் கட்டில்ல பிபி பார்த்தான், அதே கையால பேனா எடுத்தான், போனைத் தள்ளினான், நாலாம் கட்டில் அம்மாவோட கேனுலாவை, அதான் ரத்தக்குழாய்ல மருந்து ஏத்துற குழாயை, பிடிச்சான். அவன் கை பத்திரம். அந்த அம்மாவுக்கு மூணாம் கட்டில் கிருமி இலவசம். கையுறை கழற்றினதும் கை கழுவணும், ஆள் மாறினா கையுறையும் மாறணும்.

மார்த்தாண்டம், மெடிக்கல் ஷாப்: என்95 மாஸ்க் ஒன்றை எத்தனை நாள் போடலாம்?

நாள் கணக்கு இல்லை. நனைஞ்சா, கிழிஞ்சா, வார் தளர்ந்தா, மூச்சு இழுக்கக் கஷ்டமானா மாத்துங்க. துவைக்கக் கூடாது, சானிடைசர் அடிக்கக் கூடாது. அந்தத் துணியில மின்னூட்டம் இருக்கு, அதுதான் தூசியைப் பிடிக்கிறது.

பாறசாலை: வால்வு வச்ச என்95?

உங்க மூச்சு வடிகட்டாம வெளியே போகும். வேண்டாம்.

செங்கோட்டை: சிஸ்டர், மாஸ்க் எத்தனை நாள்…

மேலே பாருங்க.

நாகர்கோவில், எம்.டி. படிச்ச டாக்டர்: சிஸ்டர், கை கழுவறதுல டாக்டர்கள்தான் மோசம்னு நீங்க வழக்கமாச் சொல்வீங்க. எமர்ஜென்சியில ஆள் மூச்சு திணறும்போது குப்பியைத் தேடறதா?

டாக்டர் சார், எமர்ஜென்சியை விடுங்க. காலை ரவுண்ட்ஸ்ல யார் மூச்சு திணறுது? நான் பார்த்த வார்டுல நர்சுங்க டாக்டருங்களை விட மேல். பல நாட்டு ஆய்வுலயும் அப்படித்தான் வந்திருக்கு. இது பழைய கதை. 1847ல வியன்னாவுல செம்மல்வெய்ஸ்ங்கிற டாக்டர், பிண அறையில இருந்து நேரா பிரசவ வார்டுக்கு வந்த டாக்டருங்களைக் குளோரின் தண்ணியில கை கழுவச் சொன்னார். மருத்துவச்சிங்க பார்த்த வார்டுல அதுக்கு முன்னாடியே சாவு குறைவு. சொன்னவர் மேல டாக்டருங்களுக்குக் கோபம்.

அதே டாக்டர்: யார் கை கழுவினாங்கன்னு கணக்கு எடுக்கிறது நர்ஸ், மார்க் வாங்குறதும் நர்ஸ். நல்ல நியாயம்!

அது சரியான கேள்வி, ஒத்துக்கறேன். நான் கிளிப்போர்டு எடுத்தா வார்டே கை கழுவும், டாக்டரும் சேர்த்துத்தான். அதனாலதான் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சதும் குப்பியில எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பார்ப்பேன். குப்பிக்கு யார் நர்ஸ், யார் டாக்டர்னு தெரியாது. ரவுண்ட்ஸ் முடிஞ்ச நேரம் நிறைஞ்சே இருந்த குப்பியையும் பார்த்திருக்கேன் சார்.

எக்ஸ்ரே டெக்னீஷியன்: ரெண்டு பேரும் எங்களை மறந்துட்டீங்க. போர்ட்டபிள் மெஷினை வார்டு வார்டா தள்ளுறோம், அதைத் துடைக்க எங்க நேரம்?

அப்பாடா, உண்மையைச் சொன்ன முதல் ஆள். மெஷின்லயே துடைக்கிற வைப்ஸ் டப்பாவைக் கட்டுங்க. டாக்டர் சார், நம்ம சண்டையை அப்புறம் வச்சுக்கலாம், கீழே ஆள் நிக்குது.

புலியறை: சோதனைச் சாவடியில ஆள் மேல மருந்து அடிச்சாங்களே, அது சரியா?

சரியில்லை. 2020 ஏப்ரல்ல திருப்பூர்ல கிருமிநாசினி சுரங்கம் வச்சாங்க, அதே மாசம் ஆள் மேல அடிக்காதீங்கன்னு மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லிருச்சு. 1 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) தரைக்கு, தோலுக்கு இல்லை.

குலசேகரம், அப்பா: மக கோழிக்கோட்டுல நர்ஸ். நிபா வைரஸ்னு கேட்டாலே வெப்ராளமா இருக்கு.

அண்ணா, 2018ல பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில லினி சிஸ்டர் பார்த்த நோயாளிக்கு நிபான்னு அப்போ யாருக்கும் தெரியாது. மே 21 லினி சிஸ்டர் அதே நோய்ல இறந்துட்டாங்க. அந்தத் தடவை நோய் பெரும்பாலும் பரவினது ஆஸ்பத்திரிக்குள்ளேதான். வராந்தாவுல இருமினவர், பக்கத்துல நோயாளிக்குத் துணையா இருக்கிற கூட்டிருப்புக்காரங்க. அதனால மககிட்ட நோயோட பேர் தெரியுற வரைக்கும் காத்திருக்காதேன்னு சொல்லுங்க. இருமிட்டு வர்ற யாருக்கும் முதல்ல ஒரு மாஸ்க் குடுத்து, தள்ளி உக்கார வைக்கணும். கவச உடை போட்டா, கழற்றும்போதுதான் ஆபத்து அதிகம். கையுறை, கவுன், கண்ணாடி, கடைசியா அறைக்கு வெளியே மாஸ்க். ஒவ்வொரு படிக்கும் நடுவுல கை கழுவணும். அவசரப்படாம, பைய.

கருங்கல்: மூணு நாளா காய்ச்சல், எந்த மாத்திரை…

டாக்டரைப் பாருங்க.

ஆஸ்பத்திரி தூய்மைப் பணியாளர், ஊர் வேண்டாம்: சிஸ்டர், கொரோனா வார்டுல டாக்டருக்கு என்95, எங்களுக்குச் சாதா மாஸ்க். ஆஸ்பத்திரிக் கழிவு போடுற மஞ்சப் பையைத் தூக்குறது நாங்க.

உங்க கேள்விதான் முதல்ல வந்திருக்கணும். அந்த வார்டுக்குள்ள நீங்க இழுக்குற காத்தும் டாக்டர் இழுக்குற அதே காத்துதான். என்95ஐ வாய்மொழியாக் கேக்காதீங்க, இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் கமிட்டிக்கு எழுதிக் குடுங்க, தேதி போட்டு, நகல் வச்சுக்கிட்டு. மெல்லிசு கையுறை வேண்டாம், தடிமனான ரப்பர் கையுறை, பூட்ஸ் கேளுங்க. பையை நெஞ்சோட அணைச்சுத் தூக்காதீங்க, யாரோ ஊசியை உள்ளே போட்டிருப்பாங்க. குத்திட்டா பிழியாதீங்க, சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவிட்டு உடனே கேஷுவாலிட்டி. ரெஜிஸ்டர்ல பேர் எழுதுற வரைக்கும் அங்கிருந்து நகராதீங்க.

தக்கலை: என்95 துவைச்சா…

போங்கப்பா.