கைக்கட்டோடு குழந்தை குளிக்கலாமா?

கேள்வி: என் ஏழு வயது மகன் சைக்கிளிலிருந்து விழுந்து முன்கை எலும்பை முறித்துக்கொண்டான். ஃபைபர் கிளாஸ் கட்டுப் போட்டிருக்கிறார்கள். கட்டுப் போட்டவர், 'இது தண்ணீரில் கரையாது' என்றார். மருத்துவரோ நனைக்கவே கூடாது என்கிறார். நனைந்தாலும் கெடாத உள்ளுறை இருக்கிறதாமே, அதைக் கேட்டு வாங்கலாமா? இந்த வெயிலில் அவனைக் குளிக்காமல் வைத்திருக்க முடியவில்லை.

பதில்: இருவர் சொன்னதும் சரிதான். ஃபைபர் கிளாஸ் கட்டு, கண்ணாடியிழைத் துணியில் பாலியூரித்தேன் பிசினை ஏற்றிச் செய்தது. அந்தப் பிசின் இறுகுவதற்கே தண்ணீர் வேண்டும். இறுகிய பிறகு தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. மாவுக்கட்டு அப்படியல்ல, நனைந்தால் குழைந்து பிடிப்பை இழந்துவிடும். உங்கள் மகனுடைய கட்டில் தொல்லை, ஓட்டுக்கும் தோலுக்கும் நடுவே சுற்றியிருக்கும் பஞ்சில் இருக்கிறது. அது ஒருமுறை ஊறினால் உள்ளே காற்றோட்டமில்லாமல் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். தோல் வெளுத்து, நாற்றமடித்து, புண்ணாகிவிடும்.

நீங்கள் கேள்விப்பட்ட உள்ளுறை இந்தப் பஞ்சுக்கு மாற்று. கோர்டெக்ஸ் வகையில், டெஃப்லான் போன்ற பொருளை இழுத்து நீட்டிய மென்படலம் இருக்கும். அதன் நுண்துளைகள் வழியே நீர்த்துளி நுழையாது. வியர்வை ஆவி வெளியேறிவிடும். ஆனால் குளிக்கும்போது கட்டின் இரு முனைகளிலும் தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும். உறை அதைக் குடிக்காது, அவ்வளவுதான். கையைச் சாய்த்து வடியவிட்டால் மீதி ஈரம் உடல் சூட்டில் உலர்ந்துவிடும். நீச்சல் குளத்திலோ கடலிலோ இறங்கினால், உடனே நல்ல தண்ணீர் விட்டு உள்ளே அலச வேண்டும். உப்பும் மணலும் தங்கினால் தோலை அறுக்கும்.

எல்லா முறிவுக்கும் இது சரிப்படாது. புதிதாக முறிந்து வீக்கம் இருக்கும்போது தடித்த பஞ்சுதான் பாதுகாப்பு. விலகிய எலும்பை இழுத்துச் சேர்த்திருந்தாலும், தோலுக்கு வெளியே கம்பி நீட்டிக்கொண்டிருந்தாலும், காயம் இருந்தாலும் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். உறை மெல்லியது என்பதால் கட்டை வெட்டும் இயந்திரத்தின் சூடு தோலில் படவும் கூடும். வெட்டும் கோட்டுக்குக் கீழே பாதுகாப்புப் பட்டை வைப்பது அதற்காகத்தான். ஆகவே பழக்கமுள்ளவர்கள் போட வேண்டிய கட்டு இது. விலையும் கூடுதல்.

குளிப்பதற்காக மட்டும் இப்போதைய கட்டைப் பிரிக்கச் சொல்லாதீர்கள். கூடத் தொடங்கிய எலும்பு அந்த நேரத்தில் விலகலாம். எப்படியும் கட்டை மாற்றும் நாள் வந்தால், அப்போது கேளுங்கள்.

அதற்கு முன், இது என்ன வகை முறிவு என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சிறுவர்களின் மணிக்கட்டருகே எலும்பு முழுதாக ஒடியாமல் ஒருபக்கம் புடைத்து நசுங்குவது சகஜம். அதற்குக் கடினமான கட்டே தேவையில்லை. இங்கிலாந்தில் 965 குழந்தைகளிடம் நடந்து 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், மென்மையான துணிக்கட்டு போட்டவர்களுக்கும் விறைப்பான கட்டுப் போட்டவர்களுக்கும் மூன்றாம் நாள் வலியில் வேறுபாடு இல்லை. உங்கள் மகனுக்கும் அந்த வகைதான் என்றால், கழற்றி மாட்டும் சிம்பு (ஸ்ப்ளின்ட்) போதுமா என்று கேட்கலாம். எந்த விலையுயர்ந்த உறையையும்விட அதுவே எனக்கு உகந்ததாகப் படுகிறது.

அதுவரை உடம்பைத் துடைத்துவிடுங்கள். தலைக்கு ஊற்ற வேண்டுமானால் கட்டின்மேல் துண்டு சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பையை மாட்டி, கையைத் தொட்டிக்கு வெளியே நீட்டச் சொல்லுங்கள். பையை ரப்பர் பேண்டால் இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைபடும். ஒட்டும் நாடா போதும். அரிக்கிறது என்று ஸ்கேலை நுழைப்பது, பவுடர் தூவுவது, பாட்டி சொல்கிறார் என்று எண்ணெய் விடுவது, மூன்றும் வேண்டாம். முடி உலர்த்தியின் குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்தலாம்.

பஞ்சு நன்றாக நனைந்துவிட்டால் வீட்டில் காயவைத்துப் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். விரல்கள் நீலமாகவோ வெளிறியோ மரத்தோ போனாலும், வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலும், விரலை நீட்டினால் குழந்தை துடித்தாலும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள், நள்ளிரவானாலும் சரி.