ஆதரவா எதிர்ப்பா என்று மட்டும் கேட்டால் பிளவுதான் தெரியும்

வணக்கம். குடியேறிகள் பற்றி 200 பேரிடம் "ஆதரவா, எதிர்ப்பா" என்று கேட்டதில் எல்லாரும் இரண்டு அணியாக நிற்கிறார்கள், இந்தப் பிளவைக் குறைக்க இதை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில், அந்தப் பிளவில் ஒரு பங்கு உங்கள் கேள்வியே உண்டாக்கியது. நடுவில் நிற்க இடம் தராமல் கேட்டால் யார்தான் அங்கே நிற்பார்கள்? 'முழு எதிர்ப்பு' முதல் 'முழு ஆதரவு' வரை ஏழு படி அளவுகோல் வையுங்கள்.

அப்புறம், கருத்து வேறு, வெறுப்பு வேறு. எதிர்த்தரப்பினர்மீது எவ்வளவு இணக்கம் என்பதை 0 முதல் 100 வரை தனியாகக் கேளுங்கள். கருத்தில் அதிக தூரம் இல்லாதவர்களிடமும் கசப்பு மிகுந்திருப்பதைப் பார்க்கலாம்.

தயவுசெய்து விட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வது ஊகக் கேள்வியைத்தான்: "எதிர்த்தரப்பில் எத்தனை சதவீதம் பேர் இப்படி நினைப்பார்கள்?" அந்த ஊகத்தை அவர்களுடைய உண்மையான பதிலோடு ஒப்பிடுங்கள். ஆலர், சூட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2018இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், குடியரசுக் கட்சியினரில் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் உள்ளவர்கள் 38 சதவீதம் என்று மக்கள் நினைத்தார்கள். உண்மையில் சுமார் 2 சதவீதம்தான்! எதிரில் இருப்பவர் யாரென்றே தெரியாமல் கோபப்படுகிறோம், அதுதான் எனக்கு வலிக்கிறது.

குறைக்கும் வழியும் அங்கேயே தொடங்குகிறது. பாதிப் பேருக்கு உண்மை எண்ணைக் காட்டுங்கள், மீதிப் பேருக்கு வேண்டாம். யாருக்கு எது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்யுங்கள். சில வாரம் கழித்து இணக்க மதிப்பெண்ணை இரு குழுவிடமும் மறுபடி கேளுங்கள்.