செல்லுக்குள் கொழுப்பு சொல்லும் சேதி: கேள்வி பதில்

கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், கொழுப்பு என்றால் எரிபொருள், இல்லாவிட்டால் செல் சவ்வு, இப்படித்தான் படித்தோம். அது எப்படி சிக்னல் ஆகும்?

பதில்: படித்தது தப்பில்லை. ஆனால் சவ்வின் உள்பக்கம் பாஸ்பாட்டிடைல் இனோசிடால் என்று கொஞ்சமாக ஒரு கொழுப்பு இருக்கிறது. அதன் தலையில் ஆறு கார்பன் வளையம். அந்த வளையத்தின் 3, 4, 5 ஆகிய இடங்களில் கைனேஸ்கள் என்ற நொதிகள் பாஸ்பேட்டை ஒட்டும், பாஸ்பேட்டேஸ்கள் என்ற நொதிகள் கழற்றும். எங்கெங்கே பாஸ்பேட் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஏழு வகை வரும், ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு வந்து பிடித்துக்கொள்ளத் தனித்தனிப் புரதங்கள் உண்டு. 1953-லேயே மேபல் ஹோக்கின், லோவெல் ஹோக்கின் தம்பதி, கணையத் துண்டுகளில் அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் சேதிப் பொருளைச் சேர்த்தால் கதிரியக்கப் பாஸ்பரஸ் கொழுப்புக்குள் மளமளவென்று ஏறுவதைப் பார்த்துவிட்டார்கள். எதற்காக ஏறுகிறது என்று விளங்க முப்பது வருடம் பிடித்தது.

கேள்வி: ஐபி3, பிஐபி3 இரண்டும் ஒன்றுதானே அக்கா? நாளை மறுநாள் தேர்வு.

பதில்: இல்லைம்மா, இதில் கவனமாக இரு. இரண்டுமே பிஐபி2-விலிருந்துதான் வருகின்றன, அதாவது 4, 5 ஆகிய இடங்களில் பாஸ்பேட் உள்ள பாஸ்பாட்டிடைல் இனோசிடாலிலிருந்து. பாஸ்போலிப்பேஸ் சி என்ற நொதி அதை வெட்டினால் இரண்டு துண்டு: தலைப் பகுதியான ஐபி3, மீதிக் கொழுப்பான டைஅசைல்கிளிசரால். ஐபி3 நீரில் கரைந்து உள்ளே போய், எண்டோபிளாச வலையில் இருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடும் (1983-இல் பெரிட்ஜும் கூட்டாளிகளும் காட்டியது இதைத்தான்). டைஅசைல்கிளிசரால் சவ்விலேயே தங்கிப் புரத கைனேஸ் சி என்ற நொதியைத் தூண்டும். பிஐ3 கைனேஸ் வெட்டாது, 3-ஆம் இடத்தில் இன்னொரு பாஸ்பேட்டை வைக்கும், அவ்வளவுதான். அப்படிக் கிடைப்பதுதான் பிஐபி3, முழுக் கொழுப்பு, சவ்விலேயே இருக்கும்.

கேள்வி: இதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியுமா?

பதில்: முடியும், எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. பிஐபி2-வைப் பிடிக்கும் ஒரு புரதத் துண்டோடு பச்சையாக ஒளிரும் புரதத்தை இணைத்து செல்லுக்குள் உண்டாக்கினால், நுண்ணோக்கியில் செல்லின் ஓரம் மட்டும் மெல்லிய பச்சை வளையமாகத் தெரியும். ஏற்பியை (வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கும் சவ்வுப் புரதம்) தூண்டும் மருந்தை விட்டதும், பாஸ்போலிப்பேஸ் சி முடுக்கப்பட்டு பிஐபி2-வை வெட்டும், சில விநாடிகளில் வளையம் மங்கி, பச்சை உள்ளே கலைந்து பரவும். (அந்தத் துண்டு ஐபி3-யையும் பிடிக்கும் என்பதால், பிஐபி2 குறைந்ததை மட்டுமே அது காட்டுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.) மருந்தைக் கழுவிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், ஓரம் மறுபடி பச்சையாகும். கைனேஸ்கள் புதிதாக பிஐபி2 செய்து நிரப்புகின்றன, ஐபி3-யை வேறு நொதிகள் சிதைத்துவிடுகின்றன. வளையம் மங்குவதைப் பார்த்ததும் மாணவர்கள் எழுந்துவிடுவார்கள், அது திரும்பி வருவதையும் பார்த்துவிட்டுப் போகச் சொல்வேன்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை. இன்சுலினுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: நேரடிச் சம்பந்தம். இன்சுலின் ஏற்பியோடு சேர்ந்ததும் பிஐ3 கைனேஸ் பிஐபி3-ஐச் செய்கிறது, ஏகேடி என்ற புரதம் வந்து அதில் ஒட்டி வேலையைத் தொடங்குகிறது, அப்புறம் குளூட்4 என்ற குளுக்கோஸ் கடத்தி தசைச் செல்லின் மேற்பரப்புக்கு வருகிறது. டைப் 2 நீரிழிவில் இந்தத் தொடர் மந்தமாகிவிடுகிறது.

கேள்வி: அப்போ பிஐபி3 நிறைய இருந்தால் நல்லதுதானே?

பதில்: இல்லவே இல்லை. அதே ஏகேடிதான் செல்லை வளரவும் சாகாமல் இருக்கவும் சொல்கிறது. 1997-இல் பிடென் (PTEN) என்ற, புற்றுநோயைத் தடுக்கும் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது பிஐபி3-இன் 3-ஆம் இடத்துப் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி என்பது மறு வருடம் தெரிந்தது. அது இல்லாமல் போனால் சிக்னல் அணையாது, பல புற்றுநோய்களில் நடப்பது இதுதான். கழற்றும் நொதிகளைப் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஒரு சிக்னல் எவ்வளவு நேரம், எந்த இடத்தில் இருக்கும் என்பதை முடிவு செய்வதில் அவற்றுக்குப் பாதிப் பங்கு.

மார்பகப் புற்றுநோய்க்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அல்பெலிசிப், பிஐ3 கைனேஸை அடக்கும் மருந்து. அதைச் சாப்பிடுபவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறுவது ஏன் என்று மேலே உள்ள இன்சுலின் பதிலைப் படித்தால் நீங்களே சொல்லிவிடலாம்.

கேள்வி: ஆஸ்பிரினும் இந்த வகைதானா சார்?

பதில்: (மேடம்தான், பரவாயில்லை.) பக்கத்துப் பாதை. பாஸ்போலிப்பேஸ் ஏ2 சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலத்தைப் பிரிக்கும், சைக்ளோஆக்சிஜனேஸ் அதை மாற்றும் வழியில் வலி, வீக்கத்தைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின், ரத்தத் தட்டணுக்களை ஒட்டிக்கொள்ளச் செய்யும் திராம்பாக்சேன் எல்லாம் வரும். ஆஸ்பிரின் இந்த இரண்டாவது நொதியில் ஓர் அசிட்டைல் தொகுதியை நிரந்தரமாக ஒட்டி முடக்கிவிடுகிறது. ரத்தத் தட்டணுக்களுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்துகொள்ள வழியில்லை, ஆகவே அந்தத் தட்டணு இருக்கும்வரை, அதாவது 7 முதல் 10 நாள், விளைவு போகாது. அறுவை சிகிச்சைக்கு முன் நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், இதயத்துக்காகச் சாப்பிடுகிறவர் என்றால் தானாக நிறுத்தவே கூடாது.